உப்பேறும் குடிநீர், பருவம் தவறும் காய்ச்சல்: வங்கதேசத்தில் காலநிலை மாற்றமும் மக்கள் உடல்நலமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எத்தனையோ நாடுகள் இருக்க, வங்கதேசத்தை மட்டும் எடுத்துக்கொள்வது ஏன்?

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா மூன்றும் சேர்ந்து கடலில் விழும் வண்டல் நிலம் அது. தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் பெரிய பரப்பில் சுமார் 17 கோடி பேர் வாழ்கிறார்கள். கடலோர மாவட்டங்கள் மட்டும் 19. உலகின் பசுங்குடில் வாயு உமிழ்வில் அந்நாட்டின் பங்கு ஒரு விழுக்காடுகூட இல்லை. ஆனாலும் புயல், வெள்ளம், வெப்பம், கடல்நீர் என எல்லாமே அங்கே வந்து சேர்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. டாக்காவுக்குத் தென்கிழக்கே உள்ள மத்லப் பகுதியில் பிறப்பு, இறப்பு, நோய்க் கணக்கை 1960களிலிருந்து ஊர் ஊராக விடாமல் எழுதி வருகிறார்கள். ஏழை நாடுகளில் இப்படி ஒரு பதிவு கிடைப்பது அரிது. அதனால்தான் அங்கே நடப்பதைக் கணக்கோடு பேச முடிகிறது.

காலநிலை மாற்றம் புது நோய்களைக் கொண்டுவருகிறதா?

பெரும்பாலும் இல்லை. காலரா, டெங்கு, ரத்தக் கொதிப்பு, பாம்புக்கடி எல்லாம் முன்பே இருந்தவைதான். மாறுவது அவை வரும் மாதமும் இடமும், யாரைப் பிடிக்கின்றன என்பதும்தான். டாக்காவின் நோயாக இருந்த டெங்கு மாவட்டங்களுக்குப் பரவுகிறது. ஐம்பது வயதில் பார்க்கும் ரத்தக் கொதிப்பு இருபது வயதுக் கர்ப்பிணிக்கு வருகிறது. எல்லாவற்றையும் காலநிலையின் தலையில் கட்டுவதும் சரியல்ல. கீழே உப்புத் தண்ணீர் பற்றிய பதிலில் அது தெரியும்.

கடலோரக் குடிநீரில் உப்பு எப்படி ஏறுகிறது? கடல்மட்டம் உயர்வதால் மட்டுமா?

நான்கு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன.

கடல்மட்டம் உயர்கிறது, வண்டல் நிலமும் மெல்ல அமிழ்கிறது. இது முதலாவது. இரண்டாவது, கோடையில் ஆற்றில் நன்னீர் வரத்துக் குறைவு. மேலிருந்து தள்ளும் நன்னீர் தளர்ந்தால் கடல் அலையேற்றம் ஆற்றுக்குள் வெகுதூரம் ஏறிவிடும். 1975இல் இயங்கத் தொடங்கிய ஃபரக்கா தடுப்பணைக்குப் பிறகு தென்மேற்கு ஆறுகளில் கோடை நீர் குறைந்தது. இதற்கும் காலநிலைக்கும் தொடர்பில்லை. மூன்றாவது, இறால் பண்ணை. நெல் வயலுக்குள் மதகு வைத்து உப்புநீரை மனிதர்களே இழுத்துவிடுகிறார்கள். பக்கத்துக் குடிநீர்க் குளத்துக்கு அது மண்வழியாகக் கசிகிறது.

நான்காவது, கரை உடைப்பு. 1960களிலிருந்து கட்டப்பட்ட 139 கரைசூழ் நிலங்களை அங்கே ‘போல்டர்’ என்பார்கள். கரை அலையைத் தடுத்தது. ஆனால் வயலில் படிய வேண்டிய வண்டல் வெளியே ஆற்றுப் படுகையில் படிந்தது. ஆறு மேடாகி, உள்நிலம் பள்ளமானது. அதனால் ஒருமுறை கரை உடைந்தால் உள்ளே புகுந்த உப்புநீர் தானாக வடியாது. 2009 மே 25 அன்று வந்த ஐலா புயலுக்குப் பின் குல்னா மாவட்டத்தின் டாகோப் பகுதியில் உள்ள 32ஆம் எண் போல்டர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தண்ணீரில் கிடந்தது. குடும்பங்கள் கரைமேல் குடிசை போட்டு வாழ்ந்தன.

உப்புத் தண்ணீர் குடித்தால் உடம்புக்கு என்ன ஆகும்?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 1 கிராம் உப்பு இருக்கிறது, நாளைக்கு 3 லிட்டர் குடிக்கிறீர்கள் என்றால் சோற்றில் கை வைக்கும் முன்பே 3 கிராம் போய்விட்டது.

டாகோப்பில் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. அங்கே குடிநீர் வழியாக மட்டும் உடம்பில் சேரும் சோடியம் கோடையில் நாளைக்கு 5 முதல் 16 கிராம் வரை என மதிப்பிட்டார்கள். மழைக்காலத்தில் அது 0.6 முதல் 1.2 கிராம். பாதுகாப்பான வரம்பு, உணவும் சேர்த்து, 2 கிராம் சோடியம்தான்; மேலே சொன்ன 5 கிராம் உப்பில் இருப்பது அவ்வளவுதான். அங்குள்ள மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளில் ரத்த அழுத்தம் கூடியிருந்தவர்கள் கோடையில் 12.2 விழுக்காடு, மழைக்காலத்தில் 5.1 விழுக்காடு. அதே ஊர், அதே மருத்துவமனை. பருவம் மாறியதும் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது.

ஆனால் எல்லா ஆய்வும் ஒரே முகமாகப் பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். லேசாக உப்புக்கரிக்கும் நிலத்தடி நீரில் சோடியத்தோடு கால்சியமும் மெக்னீசியமும் உண்டு. இவ்விரண்டும் அழுத்தத்தைக் குறைப்பவை. அதனால் ‘உப்புத் தண்ணீர் கெட்டது, மழைநீர் நல்லது’ என்று ஒரே கோடு போட முடியாது. மழைநீரில் இந்தத் தாதுக்கள் அநேகமாக இல்லை. மிதமான உப்புக்கு இந்த ஐயம் பொருந்தும். கோடையில் டாகோப் குளங்களில் காணும் அளவுக்குப் பொருந்தாது.

கொதிக்க வைத்தால் உப்பு போகாதா?

போகாது. தண்ணீர் ஆவியாகி உப்பு இன்னும் கெட்டிப்படும். குளோரின் மாத்திரை, படிகாரம், துணி வடிகட்டல், மணல் வடிகட்டி எதுவும் உப்பை எடுக்காது. அவையெல்லாம் கிருமிக்கும் கலங்கலுக்குமானவை. உப்பை எடுப்பது ஆர்.ஓ. இயந்திரம்தான். அதற்கு மின்சாரமும் சவ்வு மாற்றும் பணமும் வேண்டும். வெளித்தள்ளும் கழிவுநீர் இன்னும் உப்பானது. அதைக் குளத்தோரம் விட்டால் அடுத்த ஆண்டுக் குடிநீரைக் கெடுக்கும். கிராமங்களில் பல ஆர்.ஓ. நிலையங்கள் இந்தத் தவற்றைத்தான் செய்கின்றன.

தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாக்கை நம்ப வேண்டாம். லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு அளவில் புதியவருக்குச் சுவை தெரிந்துவிடும். ஆண்டுக்கணக்காகக் குடித்துப் பழகியவருக்கு அதன் இரண்டு மடங்கும் ‘நல்ல தண்ணி’தான். பேனா அளவுள்ள டிடிஎஸ் மீட்டர் போதும். மாதம் ஒருமுறை, குறிப்பாக மார்ச் முதல் மே வரை, அளந்து சுவரில் எழுதி வையுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை அளந்துவிட்டு ‘எங்கள் குளம் சரிதான்’ என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. மீட்டர் மொத்தக் கரைபொருளைத்தான் காட்டும். அதில் எவ்வளவு சோடியம், எவ்வளவு கால்சியம் என்று பிரித்துச் சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும்.

வங்கதேசத்தில் அடிகுழாய்களுக்குச் சிவப்பு, பச்சை வண்ணம் அடித்திருப்பார்கள். பச்சை என்றால் ஆர்செனிக் என்ற நஞ்சு லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருக்கிறது என்று பொருள். உப்பைப் பற்றி அந்த வண்ணம் எதுவும் சொல்வதில்லை.

மழைநீர்த் தொட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

ஐந்து பேர் குடும்பம், குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 4 லிட்டர், ஆக நாளைக்கு 20 லிட்டர். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை அநேகமாக இல்லாத 150 நாளுக்கு 3,000 லிட்டர் வேண்டும். குல்னா பகுதியில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். 20 சதுர மீட்டர் தகரக் கூரையில், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், 24,000 லிட்டர் வரும். ஆக அங்கே மழைக்குப் பஞ்சமில்லை, தொட்டிக்குத்தான் பஞ்சம். பல வீடுகளில் இருப்பது 500 அல்லது 1,000 லிட்டர்த் தொட்டி. பிப்ரவரியில் காலி. பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் நடக்க வேண்டியதுதான். ஓலைக் கூரையில் சேரும் தண்ணீர் பழுப்பேறி நாறும், அதனால் தகரமோ ஓடோ தேவை.

கட்டிய தொட்டி கெடுவது சின்னச் சின்ன விஷயங்களால்தான். முதல் மழையின் தண்ணீரை விலக்க மறப்பது ஒன்று. கூரையில் காய்ந்திருக்கும் பறவை எச்சமும் தூசும் கழுவிப் போக 10 முதல் 15 நிமிடம் குழாயைத் தொட்டிக்கு வெளியே திருப்பிவிட வேண்டும். குழாய்வாயை அடித்தளத்தோடு ஒட்டி வைப்பது இன்னொன்று. 10 முதல் 15 சென்டிமீட்டர் மேலே வைத்தால் வண்டல் அடியிலேயே தங்கும். மூடியைத் திறந்து குவளையால் மொள்ளக் கூடாது, கைக்கிருமி உள்ளே போய்விடும். நிரம்பி வழியும் குழாயின் வாயில் கொசுவலை கட்டாவிட்டால் உப்பிலிருந்து தப்பித்து டெங்குவில் மாட்டுவீர்கள்.

குளத்து மணல் வடிகட்டி பயன்படுமா?

குளத்து நீர் உப்பில்லாமல் இருக்கும்வரை நன்றாகவே பயன்படும். அடிபம்பால் நீரை மேலேற்றி, செங்கல் தொட்டியில் உள்ள மணல், ஜல்லி வழியாக வடிப்பார்கள். மணலின் மேற்பரப்பில் சில வாரங்களில் ஒரு மெல்லிய உயிர்ப்படலம் உருவாகும். கிருமிகளைப் பிடிப்பது பெரும்பாலும் அதுதான். தொட்டி காய்ந்தால் அது செத்துவிடும். நீர் வரத்துக் குறைந்ததும் மேல் மணலைச் சுரண்டிக் கழுவ வேண்டும், கழுவிய சில நாள்களுக்கு நீரைக் குளோரின் போட்டுக் குடிக்க வேண்டும். யார் கழுவுவது என்று முடிவு செய்யாத ஊரில் வடிகட்டி சீக்கிரமே நின்றுபோகும். அதே குளத்தில் மீன் வளர்த்துத் தீவனமும் எருவும் போட்டால் எந்த மணலும் தாங்காது.

கடலோரக் கர்ப்பிணிகள் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒவ்வொரு பரிசோதனையிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90 தொட்டாலே அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குவது, மேல்வயிற்றில் வலி இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. அது வலிப்பில் போய் முடியலாம். கோடை மாதங்களில் வீட்டில் மழைநீர் குறைவாக இருந்தால் முதல் பங்கு கர்ப்பிணிக்கு. பல வீடுகளில் கடைசிப் பங்குதான் அவளுக்குப் போகிறது. கால்சியம் குறைவாக உண்ணும் மக்களிடையே கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் மாத்திரை தர உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மழைநீர் மட்டுமே குடிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

காலராவுக்கும் வெப்பத்துக்கும் என்ன தொடர்பு?

காலராக் கிருமி கடல்முகத்து நீரில் இயல்பாகவே வாழ்வது. கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மிதவை உயிரிகளின் உடலில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீர் சூடேறி, கொஞ்சம் உப்பும் இருந்தால் அவை பெருகும், கிருமியும் கூடவே பெருகும். டாக்காவில் ஆண்டுக்கு இரண்டு உச்சம். மழைக்கு முன் மார்ச் முதல் மே வரை ஒன்று, மழைக்குப் பின் இன்னொன்று. முதல் உச்சத்தில் ஆறு வற்றியிருக்கும், குழாயில் அழுத்தம் குறைந்து விரிசல் வழியே சாக்கடையை உறிஞ்சும். இரண்டாவதில் வெள்ளம் கழிப்பறையையும் குளத்தையும் ஒன்றாக்கிவிடும்.

2022 வசந்தத்தில் டாக்காவில் வயிற்றுப்போக்கு நோய்களை ஆராயும் ஐசிடிடிஆர்,பி நிறுவனத்தின் மருத்துவமனைக்கு ஒரே நாளில் 1,300க்கு மேற்பட்டோர் வந்தார்கள். வாசலில் கூடாரம் போட வேண்டியிருந்தது. அங்குள்ள கட்டில் எளிமையானது. நெகிழித் துணி விரித்த கான்வாஸ் கட்டில், நடுவில் ஒரு துளை, கீழே வாளி. வாளியில் எத்தனை லிட்டர் இறங்கியது என்று அளந்து, அத்தனை லிட்டரைத் திரும்ப உள்ளே செலுத்துவார்கள். காலரா மருத்துவத்தின் அடிப்படை இவ்வளவுதான்.

தமிழகத் தொடர்பு ஒன்றும் உண்டு. ஓ139 என்ற புதுவகைக் காலராக் கிருமி 1992இல் முதலில் சென்னையில்தான் கண்ணில் பட்டது. சில மாதங்களில் வங்கதேசத்தில் பெரும் கொள்ளைநோயாகப் பரவியது.

பழைய சேலையில் தண்ணீர் வடிகட்டினால் காலரா குறையும் என்பது உண்மையா?

உண்மை. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் மத்லப்பில் 65 கிராமங்களில் சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. துவைத்துத் துவைத்து நூல் பிசிர்ந்த பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்பாவது மடிக்க வேண்டும். புதுச் சேலையில் இழைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், அதனால் பயன் குறைவு. பிசிர் அடைத்த துணியில் மிதவை உயிரிகளும் அவற்றில் ஒட்டிய கிருமிகளும் சிக்கிக்கொள்ளும். தனியாக நீந்தும் கிருமி தப்பிவிடும். எனவே கொதிக்கவைக்க விறகும், போட மாத்திரையும் இல்லாதபோது இதைச் செய்யுங்கள். முடிந்தவுடன் துணியை அலசி வெயிலில் காயவையுங்கள்.

உப்புத் தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். கரைக்கலாமா?

கூடாது. பலர் அறியாமல் செய்யும் ஆபத்தான தவறு இது. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை நன்னீரில் கரைத்தால் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் வரும். 2 கிராம் உப்புள்ள தண்ணீரில் கரைத்தால் அது 109ஐத் தொடும். குழந்தைக்கு ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரலாம். கோடையில் ஐந்து லிட்டர் மழைநீரை மூடிய கலனில் ‘மருந்துத் தண்ணீர்’ என்று தனியே ஒதுக்கி வையுங்கள். வேறு வழியே இல்லையென்றால் கரைசலே கொடுக்காமல் விடுவது அதைவிட ஆபத்து. இருப்பதில் உப்பு குறைந்த தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நன்னீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு போக்குக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி, பத்து வயதுவரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். பாக்கெட்டைப் பாதியாகப் பிரித்துக் குத்துமதிப்பாகக் கரைக்காதீர்கள்.

இந்தக் கரைசலுக்கு டாக்காவிலும் கொல்கத்தாவிலும் 1968ஐ ஒட்டி நடந்த ஆய்வுகள்தான் அடித்தளம். 1980களில் பிராக் என்ற வங்கதேசத் தொண்டு அமைப்பின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய் ஒரு கோடிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு, மூன்று விரல் நுனியில் எடுக்கும் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர் என்று செய்துகாட்டிக் கற்றுக்கொடுத்தார்கள். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பின்னர் சோதித்து, அதற்கேற்பத்தான் ஊழியருக்குக் கூலி. பொதுச் சுகாதாரத்தில் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு குறைவு.

டெங்கு இவ்வளவு பெருகியது ஏன்?

2023இல் 3,21,179 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 1,705 பேர் இறந்தார்கள். முந்தைய ஆண்டின் இறப்பு 281. வெப்பம் கூடினால் கொசுவின் உடலுக்குள் வைரஸ் முதிரும் நாள்கள் குறையும், அதாவது கொசு சாகுமுன் கடித்துப் பரப்ப நேரம் கிடைக்கும். மழை அக்டோபர், நவம்பர்வரை நீள்வதால் காய்ச்சல் காலமும் நீள்கிறது. மறுபாதி நகரத்தின் தவறு: கட்டுமானப் பள்ளங்கள், அடித்தளத்தில் தேங்கும் நீர், குழாய் வராததால் வாளியில் பிடித்து வைக்கும் நீர்.

முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை கொட்டினால் போதும். ஆனால் கொட்டிவிட்டு உட்சுவரைத் தேய்க்க வேண்டும். ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்தே கிடந்து, அடுத்த முறை நீர் பட்டதும் பொரிக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் இபுபுரூஃபெனும் வேண்டாம். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் ஆபத்து: கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து படுத்தல்.

வெப்ப அலை?

2024 ஏப்ரல் முழுக்கக் கொதித்தது. பள்ளிகளை மூடினார்கள். ஜெசூரில் 43.8 டிகிரி பதிவானது. ஆனால் டிகிரிக் கணக்கைவிட ஈரப்பதம்தான் கொல்வது, வியர்வை காயாது. தகரக் கூரை வீட்டில் இரவிலும் உடம்பு ஆறுவதில்லை. ஆலைகளில் கழிப்பறைக்குப் போகத் தயங்கிப் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. வெயில் தாக்கிப் பேச்சு குழறினால் முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டி தேட வேண்டும். உடம்பெல்லாம் நீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

புயல்களில் இறப்பு குறைந்திருக்கிறதா?

பெருமளவு. 1970 நவம்பர் புயலில் மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். 1991 ஏப்ரலில் சுமார் 1,38,000. 2007 சிடர் புயலில் சுமார் 3,400. 2020 ஆம்பன் வந்தபோது 20 லட்சத்துக்கு மேற்பட்டோரை முன்பே காப்பிடங்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நாட்டில் இறப்பு நூறைத் தொடவில்லை. 1972இல் தொடங்கிய புயல் முன்னெச்சரிக்கைத் திட்டத்தின் 76,000 தொண்டர்கள் சைக்கிளிலும் ஒலிபெருக்கியிலும் ஊரை எழுப்புகிறார்கள். அபாயம் ஏற ஏற ஒன்று, இரண்டு, மூன்று எனக் கொடி ஏறும்.

1991இல் 20 முதல் 44 வயதில் ஆயிரம் பெண்களுக்கு 71 பேரும், ஆயிரம் ஆண்களுக்கு 15 பேரும் இறந்தார்கள். கணவர் வரட்டும் என்று காத்திருந்தது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது, ஆண்கள் நிறைந்த காப்பிடத்தில் தனிக் கழிப்பறை இல்லாதது எல்லாம் சேர்ந்த கணக்கு அது. தனி அறையும் கழிப்பறையும் பெண் தொண்டரும் வந்த பிறகுதான் பெண்கள் முன்கூட்டியே வரத் தொடங்கினார்கள்.

வெள்ளத்தில் பாம்புக்கடி அதிகமாவது ஏன்? மருந்து இருக்கிறதா?

மனிதரும் பாம்பும் ஒரே மேட்டில் ஒதுங்குவதால்தான். தரையில் படுக்காதீர்கள், கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். கடித்தால் கயிறு கட்டவோ கீறவோ வேண்டாம். கையையோ காலையோ அசைக்காமல் கட்டைவைத்துத் தாங்கி, படகில் படுக்கவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கட்டுவிரியன் கடியில் பெரும்பாலும் வலியே இருக்காது. இமை சரிகிறதா என்று பாருங்கள்.

அங்கே பயன்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து போவது. அதற்கான விஷத்தில் பெரும்பகுதி மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுப்பது. சிக்கலும் அதில்தான்: நம்மூர் நாகம் இரட்டைக் கண்ணாடிக் குறியுள்ள இனம், வங்கதேசத்தில் பரவலாக உள்ளது ஒற்றை வட்டக் குறியுள்ளது. விஷம் ஒன்றல்ல. நம் மருந்து அங்கே வேலை செய்கிறது, ஆனால் சில பாம்புகளுக்குக் குறைவாகவே. உள்ளூர்ப் பாம்பின் விஷத்தில் மருந்து செய்யும் முயற்சி சட்டோகிராமில் (சிட்டகாங்) நடக்கிறது.

உதவி நிதி வந்தால் முதலில் எதற்குச் செலவிட வேண்டும்?

எங்கள் கருத்து இது. புயல் காப்பிடத்துக்குப் பணம் கிடைத்துவிடுகிறது, ஏனென்றால் புயலின் சாவு ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியும். கோடையில் உப்புத் தண்ணீர் குடித்து வலிப்பு வந்த பெண்ணின் சாவைப் ‘பிரசவத்தில் போனாள்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆகவே முதலில் வீட்டுக்கு ஒரு 3,000 லிட்டர்த் தொட்டி, அதோடு ஊர்ச் செவிலியரிடம் ஒழுங்காக வேலை செய்யும் ரத்த அழுத்தக் கருவி. பணம் கொடுப்பவரிடம் கேட்க வேண்டியது: இரண்டாம் ஆண்டில் குழாயின் வாஷர் தேய்ந்து ஒழுகும்போது அதை மாற்றுபவர் யார், அவருக்குக் கூலி எங்கிருந்து வரும்? அதற்குப் பதில் எழுதப்படாத திட்டத்தில் கையெழுத்திட வேண்டாம்.